மழைக்கு முன் வைப்பரைப் பாருங்கள்!

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கல்வராயன் மலைக்குச் சென்று வருவோர், மழையில் நனையாது திரும்புவது அரிது. கள்ளக்குறிச்சியில் வெயில் காயும் பிற்பகலிலும் வெள்ளிமலையில் மேகம் இறங்கி நிற்கும். சில ஆண்டுகளுக்கு முன், அத்தகைய கார்த்திகை மாலையொன்றில், மலைமேல் நடந்த ஒரு திருமணத்திற்குச் சென்றுவிட்டு, கோமுகி அணைப் பக்கமாக நாங்கள் குடும்பத்துடன் காரில் இறங்கிக்கொண்டிருந்தோம். மைத்துனர் வண்டியை ஓட்டினார்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. வைப்பரைப் போட்டார். நாலைந்து தடவை ஒழுங்காக ஆடியது. பின்னர், இடப்பக்கத்துக் கை மட்டும் ஆட, ஓட்டுநர் பக்கத்துக் கை கண்ணாடியின் நடுவே நின்றுவிட்டது. மோட்டார் ஓடும் ஓசை மட்டும் கேட்டது. ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம், எதிரே வெறும் தண்ணீர். பின் இருக்கையில் பாடிக்கொண்டு வந்த குழந்தைகள் வாயடைத்துப் போயினர்.

“தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே மெல்ல இறங்கிவிடலாம், மாமா” என்றார் மைத்துனர். எங்களுக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. ஆனால் பின்னாலிருந்த அவருடைய தாயார், “நிறுத்தப்பா! ஒரு மணி நேரம் தாமதமாய்ப் போனால் வீடு என்ன ஓடியா போய்விடும்?” என்று அதட்டினார். வளைவைக் கடந்து, சாலை சற்று அகன்றிருந்த இடத்தில் ஓரமாக நிறுத்தி, எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டுக் காத்திருந்தோம். அந்த மூதாட்டியின் ஒரு சொல்தான் அன்று எங்களைக் காத்தது.

மழை தணிந்ததும் இறங்கிப் பார்த்தோம். வைப்பர் கையின் அடியிலுள்ள மூடியைக் கழற்றினால், நட்டு தளர்ந்து கிடந்தது. உள்ளே தண்டு சுழன்றது. கை அதனுடன் திரும்பவில்லை. சில நாள்களுக்கு முன் ஒரு பட்டறையில் அந்தக் கையைக் கழற்றி மாட்டியவர்கள் நட்டை முறுக்க மறந்திருந்தனர். வண்டியை வாங்கி வந்த நாமாவது ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிச் சோதித்திருக்கலாம் அன்றோ! சுவிட்சை அணைத்து, மோட்டார் தன் இருப்பிடத்தில் வந்து நின்றபின், கையைக் கண்ணாடியின் அடியோரமாகப் பொருத்தி நட்டை முறுக்கினோம். ஐந்து நிமிட வேலை.

குறியும் குறையும்

வைப்பரின் நோயை அதன் குறிகளைக் கொண்டே பெரும்பாலும் அறியலாம்.

கண்ணாடியில் கோடு கோடாகத் தண்ணீர் நின்றால், ரப்பர் தேய்ந்தோ வெடித்தோ போயிற்று என்று பொருள். நம் ஊர் வெயிலில் வெளியே நிற்கும் வண்டியின் ரப்பர் விரைவில் விறைத்துவிடும். ஆண்டுக்கு ஒரு முறையேனும், மழைக்காலத்திற்கு முன் மாற்றிவிடுவது நலம்.

புது ரப்பர் போட்டும் கண்ணாடி மங்கலாகவே இருந்தால், குற்றம் கண்ணாடியினுடையது. லாரிப் புகையும், சாலை எண்ணெயும், தூசியும் சேர்ந்து மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீரால் கண்ணாடியையும் ரப்பர் விளிம்பையும் துடைத்தால் போதும். அவசரத்திற்கு, லாரி ஓட்டுநர்கள் புகையிலையையோ நறுக்கிய உருளைக்கிழங்கையோ தேய்ப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அது சற்று நேரத்திற்கு உதவும், ரப்பருக்கு மாற்றாகாது.

வைப்பர் தடதடவென்று துள்ளினால், ரப்பர் விறைத்திருக்கலாம், அல்லது கை வளைந்திருக்கலாம். காய்ந்த கண்ணாடியில் ஓட்டினாலும் இவ்வாறே துள்ளும். கண்ணாடியிலும் கீறல் விழும். ஆகவே, முதலில் தண்ணீர் தெளித்த பின்னரே வைப்பரைப் போடுக.

ஒரு கை மட்டும் நின்றால் நட்டைப் பாருங்கள். மோட்டார் ஓசையிட்டும் இரு கைகளும் ஆடாவிட்டால், மோட்டாரையும் கைகளையும் இணைக்கும் கம்பி கழன்றிருக்கக்கூடும். ஓசையே இல்லையெனில் முதலில் பியூஸைப் பாருங்கள். எரிந்த பியூஸுக்கு அதே அளவுள்ள பியூஸையே போட வேண்டும். கம்பியைச் சுற்றிவைப்பது தீயை விலைக்கு வாங்குவதாகும். புதிய பியூஸும் எரிந்தால், மெக்கானிக்கிடம் காட்டுவதே முறை.

வெளியே துடைத்தும் பார்வை தெளியவில்லையா? உட்புறத்தில் நம் மூச்சின் ஈரம் படிந்திருக்கும். குளிர்சாதனக் காற்றைக் கண்ணாடியின் மேல் திருப்புக. அவ்வசதி இல்லையேல் பக்கக் கண்ணாடியைச் சிறிது இறக்குக. வெறுங்கையால் துடைத்தால் கையின் எண்ணெய்ப்பசை ஒட்டி, எதிர்வண்டியின் வெளிச்சத்தில் மேலும் கூசும்.

ஒரு பெண்மணியின் எண்ணம்

இச்சிறு கருவியின் வரலாறும் சுவையானது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்னும் பெண்மணி, நியூயார்க் நகரில் டிராம் வண்டியில் சென்றபோது, பனிமழையில் பாதை தெரியாமல் ஓட்டுநர் முன்கண்ணாடியைத் திறந்துவைத்துக் குளிரில் நடுங்குவதைக் கண்டார். உள்ளிருந்தபடியே கைப்பிடியால் இயக்கும் ரப்பர்த் துடைப்பானை வகுத்து, 1903ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதை விலைக்கு வாங்க அன்று எவரும் முன்வரவில்லை!

பின்னாளில் பல கார்களில், என்ஜின் காற்றை உறிஞ்சும் விசையாலேயே வைப்பர் ஓடியது. மேடேறும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் அவ்விசை குறைந்து வைப்பர் தளரும். மலைச் சாலையில் அது எத்தகைய சோதனையாய் இருந்திருக்கும்! மின் மோட்டார் வந்தபின் அக்குறை நீங்கியது. தூறலுக்கு ஏற்ப விட்டுவிட்டு ஓடும் வைப்பருக்கு 1967இல் காப்புரிமை பெற்றவர் ராபர்ட் கேர்ன்ஸ். கண்ணிமை விட்டுவிட்டு இமைப்பதே அவருக்கு வழிகாட்டியது. விபத்தொன்றில் இடக்கண்ணின் பார்வையை இழந்தவர் அவர் என்பது குறிப்பிடத்தக்கது.

நம் நாட்டில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும், முன்கண்ணாடியுள்ள கார் முதலிய வண்டிகளுக்குச் செவ்வனே இயங்கும் வைப்பர் வேண்டும் என்கின்றன. ஆனால், சட்டத்தைவிட நமக்கு நெருக்கமானவர்கள் பின் இருக்கையில் அமர்ந்திருக்கின்றனர். மழையில் வைப்பர் நின்றால், எவ்வளவு அவசரமாயினும், வளைவில்லாத இடத்தில் ஒதுங்கி நிறுத்துங்கள். குளிரும், பசியும், காத்திருப்பும் தாங்கக்கூடியவையே.

இவ்வாண்டு புரட்டாசி முடிவதற்குள் ஒரு மாலை, வீட்டு வாசலில் ஒரு வாளித் தண்ணீரை முன்கண்ணாடியில் ஊற்றி, வைப்பரை ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். அவர்கள் மகிழ்ந்து செய்வார்கள். நாளை தாங்களே வண்டி ஓட்டும்போது மறக்கவும் மாட்டார்கள்.