மின்சாரம் நின்றாலும் கணக்கு நிற்காது!
சூரிய ஒளியைச் சேர்த்து வைக்கும் பெட்டி

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு, பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. "கடற்கரையோடு போய்விடும்" என்று பலர் நினைத்தார்கள். ஆனால் மழை மேற்கே நகர்ந்து வந்தது. டிசம்பர் 2-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், தர்மபுரி ஜில்லா அரூரில் 33 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பக்கத்தில் உள்ள ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர்!

இப்படிப்பட்ட மழையில் மரம் சாயும். மின்கம்பி அறும். ஆபத்தைத் தவிர்க்க மின்சாரத்தையே நிறுத்தி விடுவதும் உண்டு.

விளக்கு அணைந்தால் மெழுகுவர்த்தி ஏற்றலாம். "சர்வர்" அணைந்தால் என்ன செய்வது?

சர்வர் என்றால் என்ன?

ஓட்டலில் கேட்டதைக் கொண்டு வந்து கொடுப்பவருக்கு சர்வர் என்று பெயர். அதே வேலையைச் செய்யும் கம்ப்யூட்டருக்கும் அதுதான் பெயர். கணக்குகளை எல்லாம் தன்னிடம் வைத்துக்கொண்டு, மற்ற கம்ப்யூட்டர்கள் கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும்.

அரூர் பக்கம் மஞ்சளும் மரவள்ளியும் விளையும் பூமி. ஒரு மண்டியில் எடையும் விலையும் சர்வரில் பதிவாவதாக வைத்துக்கொள்வோம். மின்சாரம் போனால் சீட்டு வராது. சீட்டு இல்லாவிட்டால் பணம் வராது. மூட்டையை இறக்கிய விவசாயி காத்துக் கிடக்க வேண்டியதுதான். எழுதிக்கொண்டு இருக்கும்போதே மின்சாரம் போனால், கணக்கே கெட்டுப் போகவும் கூடும்.

கையில் தூக்கும் மின்நிலையம்

இதற்கு இப்போது ஒரு பெட்டி வந்திருக்கிறது. உள்ளே பேட்டரியும் இன்வெர்ட்டரும் இருக்கும். வீட்டு மின்சாரத்திலும் சார்ஜ் செய்யலாம். மாடியில் சூரியத் தகட்டை வைத்து வெயிலிலும் சார்ஜ் செய்யலாம். டீசல் வேண்டாம். புகை இல்லை. சத்தமும் குறைவு.

தமிழரின் பங்கு

பேட்டரிக்கு வயது 200-க்கு மேல். இத்தாலி விஞ்ஞானி வோல்ட்டா 1800-ல் அதைச் செய்தார். 1859-ல் பிரான்சு நாட்டு பிளான்டே, ஈய பேட்டரியைக் கண்டுபிடித்தார். லித்தியம் அயனி பேட்டரி 1991-ல் கடைக்கு வந்தது. இந்தப் பெட்டிகள் பலவற்றில் உள்ளது, லித்தியத்தோடு இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த வகை. மற்ற லித்தியம் வகைகளைவிட இது சூட்டைத் தாங்கும். ஈய பேட்டரியைவிடப் பல மடங்கு உழைக்கும்.

இதை உலகுக்குத் தந்தது, அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழக விஞ்ஞானி குட்இனஃப்பின் குழு. லித்தியம் பேட்டரி ஆராய்ச்சிக்காக 2019-ல் நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 97! அவருக்குப் பதிலாக நோபல் உரை நிகழ்த்தியவர் ஒரு தமிழர். அவர் பெயர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டில் அமரபுரம் என்ற கிராமத்தில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்தவர். இந்த இரும்பு வகை பேட்டரிக்கு வழிகாட்டிய ஆராய்ச்சியை, 1980-களிலேயே குட்இனஃப்புடன் சேர்ந்து செய்தவர்.

எவ்வளவு நேரம் வரும்?

வாங்கும் முன் கணக்குப் போட வேண்டும். சிறிய சர்வர் 150 வாட், மற்ற கருவிகள் 50 வாட். மொத்தம் 200 வாட் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் அளவு 1,000 வாட்-மணி என்றால், 5 மணி நேரம் வரும் என்று தோன்றும். ஆனால் பெட்டியும் தனக்குக் கொஞ்சம் தின்னும். ஆகவே 4 மணி நேரம் என்றே எண்ண வேண்டும்.

200 வாட் சூரியத் தகடு, நல்ல வெயிலில் 150 வாட் தரலாம். 5 மணி நேர வெயிலுக்கு 750 வாட்-மணி கிடைக்கும். சர்வரோ ஒரு நாளைக்கு 3,600 வாட்-மணி கேட்கும். அதனால், தகடு ஒன்றை வைத்துவிட்டால் இரவும் பகலும் ஓடும் என்று நம்பக்கூடாது. மழை நாளில் வெயிலே இருக்காது. பெட்டியை முன்பே நிரப்பி வைக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

மின்சாரம் போனதும் பெட்டி மாறிக்கொள்ள ஒரு கண நேரம் ஆகும். பல பெட்டிகளில் இது ஒரு வினாடியில் நூறில் ஒன்றிரண்டு பங்கு. சில சர்வர்கள் அதற்குள் அணைந்து விடும். மின்வெட்டு இல்லாத நாளில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

சார்ஜ் தீரப் போகிறது என்று சர்வருக்குச் சொல்லும் வசதி எல்லாப் பெட்டியிலும் கிடையாது. அது இல்லை என்றால், சர்வரை முறையாக நிறுத்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பெட்டியை வெயிலிலோ, வெள்ளம் ஏறும் தரையிலோ வைக்கக்கூடாது. காற்றோட்டம் வேண்டும். பிரித்துப் பார்க்கக்கூடாது. பழைய பேட்டரியைக் குப்பையில் போடவும் கூடாது. அதைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளர் பொறுப்பு என்று 2022-ம் ஆண்டு மத்திய அரசு விதி சொல்கிறது.

எந்தப் பெட்டி இருந்தாலும், கணக்குக்கு இன்னொரு பிரதி வேறு இடத்தில் இருப்பது அவசியம். பெட்டி மின்சாரத்தைத்தான் காக்கும். கெட்டுப்போன கணக்கை மீட்டுத் தராது.

வெள்ளம் வரும் முன் அணை போடு என்றார்கள் பெரியவர்கள். மின்வெட்டுக்கும் அது பொருந்தும்!