எண் போலத் தெரிவதெல்லாம் எண்ணல்ல
இணையப் படிவங்களும் தரவு வகைகளும்

பள்ளிக்கூட அனுமதியிலிருந்து தொழில் விண்ணப்பம் வரை, கடதாசியில் நிரப்பிய படிவங்கள் பல இன்று இணையத்துக்கு வந்துவிட்டன. கடதாசிப் படிவத்தில் ஒருவர் எதை எழுதினாலும் அது எழுதியபடியே இருக்கும். வாசிக்கின்ற எழுதுவினைஞர் கொஞ்சம் யோசித்து விளங்கிக்கொள்வார். கணினிக்கு அந்தப் பொறுமை இல்லை. எந்தக் கட்டத்தில் என்ன வரும், எழுத்தா, முழு எண்ணா, திகதியா என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். இதைத்தான் தரவு வகை என்கிறோம். நிரல் எழுதுபவருக்கு இது ஒரு சொல்லில் முடிகிற வேலை. அந்தச் சொல் பிழைத்தால் பாதிக்கப்படுவது விண்ணப்பதாரிதான்.

ஊர்ச் சங்கமொன்று மாணவர்களுக்குப் புலமைப்பரிசில் வழங்க இணையப் படிவம் தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, பிறந்த திகதி, குடும்ப வருமானம்: சாதாரணக் கேள்விகள்தான். வழமையான படிவமொன்றை அனுப்பும்போது உலாவி இவை எல்லாவற்றையும் வெறும் எழுத்தாகத்தான் அனுப்புகிறது. சேவையகத்தில் அவற்றை வாங்கிக்கொள்ளும் உள்ளீட்டுப் பொருளில்தான் எது எந்த வகை என்ற தீர்மானம் நடக்கிறது.

முதலில் அடையாள அட்டை. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் 'வீ' அல்லது 'எக்ஸ்' என்ற ஆங்கில எழுத்தும். 2016 முதல் வந்த புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கம். இதை முழு எண் என்று அறிவித்தால் பழைய அட்டை வைத்திருக்கும் வாப்பாவின் இலக்கத்தைப் படிவம் ஏற்காது. புதியதும் தப்பாது. சாதாரண 32 பிட் முழு எண்ணில் அடங்கும் ஆகப் பெரிய தொகை 2,147,483,647. அது பத்து இலக்கம் மட்டுமே. தொலைபேசி இலக்கத்திலோ சேதம் சத்தமில்லாமல் நடக்கும். 077 என்று தொடங்குவது எண்ணாக மாறியதும் முன்னால் உள்ள பூச்சியம் போய்விடும். கூட்டவோ கழிக்கவோ போகாத இலக்கம் எண்ணல்ல, அது எழுத்து. கைப்பேசியில் இலக்கப் பலகை தோன்ற வேண்டுமென்றால் எச்.டி.எம்.எல்லில் அதற்கென்று தனிப் பண்பு இருக்கிறது. அதற்காகத் தரவு வகையை மாற்றத் தேவையில்லை.

வருமானம் உண்மையான எண்தான். ஆனால் ஆபத்து அதிகமுள்ள கட்டமும் அதுதான். ஒருவர் '45,000' என்று காற்புள்ளியோடு எழுதுகிறார். ஜாவாஸ்கிரிப்டில் எழுத்தை முழு எண்ணாக்கும் கட்டளையொன்று காற்புள்ளியைக் கண்டதும் நின்றுவிடும். கிடைப்பது 45. இன்னொருவர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார். அதே மொழியின் வேறொரு மாற்றுமுறை வெற்று எழுத்தைப் பூச்சியம் என்று கொள்ளும். ஜாவாவில் சாதாரண முழு எண் புலத்துக்கும் தொடக்கப் பெறுமதி பூச்சியமே. பிறகு வருமானம் குறைந்தவர் முதலில் வரும்படி பட்டியலை வரிசைப்படுத்தினால் என்ன நடக்கும்? பதில் சொல்லாதவர் முதலிடம், காற்புள்ளி போட்டவர் அடுத்த இடம். உண்மையில் கஷ்டப்படுகிற பிள்ளை பின்னால் தள்ளுப்படும். 'இல்லை' என்பது வேறு, 'சொல்லவில்லை' என்பது வேறு. ஆகவே வெறுமையையும் தாங்கக்கூடிய வகையையே தெரிய வேண்டும். சதக்கணக்குத் தேவைப்பட்டால் மிதவைப் புள்ளி எண்ணை நம்பக் கூடாது. அதில் 0.1 உடன் 0.2ஐக் கூட்டினால் 0.30000000000000004 வரும். பணத்துக்குப் பதின்மவகை எண்ணோ, சதத்தில் எண்ணிய முழு எண்ணோதான் பொருத்தம்.

'தந்தை உயிருடன் இருக்கிறாரா?' என்ற கேள்விக்கு ஒற்றைச் சரிக்கட்டம் வைப்பதிலும் இதே சிக்கல். அடையாளமிடாத கட்டத்தைப் பற்றி உலாவி எதையுமே அனுப்பாது. கேள்வியைக் கவனிக்காமல் விட்ட பிள்ளையும் தந்தையை இழந்த பிள்ளையும் ஒன்றாகிவிடுவார்கள். 'ஆம்', 'இல்லை' என இரண்டு தெரிவுகளை வைத்து, எதையும் தொடாததை மூன்றாவது நிலையாக வைத்திருக்க வேண்டும்.

திகதிக்கு நேரம் கலக்காத வகை வேண்டும். பிறந்த நாளை நள்ளிரவு நேரத்தோடு சேமித்து உலகப் பொது நேரத்துக்கு மாற்றினால், இலங்கை ஐந்தரை மணித்தியாலம் முந்தியிருப்பதால் பிள்ளையின் பிறந்த நாள் ஒரு நாள் பின்னுக்குப் போய்விடும்.

பெயர் எழுத்துத்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் 'முதற்பெயர்', 'குடும்பப்பெயர்' என்று இரண்டு கட்டாயக் கட்டங்களை வைத்தால் எங்கட ஆட்கள் திண்டாடுவார்கள். இனிஷியலில் வாப்பாவின் பெயர், மூத்தவாப்பாவின் பெயர் எல்லாம் இருக்கும், குடும்பப்பெயர் என்று தனியாக ஒன்று இராது. 'முழுப்பெயர்' என்ற ஒரே கட்டம் போதும். நீளத்தையும் தாராளமாக விட வேண்டும். 'முகம்மது' என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோட்டில் அது எட்டுக் குறியீடு, யூ.டி.எஃப்.-8 முறையில் 24 பைட். பைட் கணக்கில் எல்லை வைத்த தரவுத்தளத்தில் நீண்ட தமிழ்ப்பெயர் ஒன்றில் முழுதாக ஏறாது, அல்லது பாதியில் வெட்டுப்படும்.

இதற்கெல்லாம் நல்ல வழி வேலையை இரண்டு கட்டமாகப் பிரிப்பதுதான். உள்ளீட்டுப் பொருள், ஆள் எழுதியதை எழுதியபடியே எழுத்தாக வாங்கிக்கொள்ளட்டும். அடுத்து அதைச் சோதித்து, சரியானதை மட்டும் கண்டிப்பான வகைகள் கொண்ட வேறொரு பொருளுக்கு மாற்றலாம். பிழை இருந்தால் அவர் எழுதியதை அழிக்காமல் திருப்பிக் காட்டி, எங்கே பிழை என்று தமிழில் சொல்ல வேண்டும். நிரலில் இதற்குச் சில வரிகள் கூடும், அவ்வளவுதான். ஆனால் உதவி கேட்டு விண்ணப்பித்த பிள்ளை சொன்னது சொன்னபடியே தெரிவுக் குழுவின் கைக்குப் போய்ச் சேரும்.