தரம் பிரித்தால் இரண்டுக்கும் விலை உண்டு

அவிநாசி கூட்டுறவு விற்பனைச் சங்க ஏலத்தில் நல்ல பருத்திக்கு ஒரு விலை, கொட்டுப் பருத்திக்கு வேறு விலை. இரண்டும் கலந்த மூட்டையில் நல்ல பருத்தியும் விலை இழக்கும்.

பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற லத்தூர் திராட்சைத் தோட்டத்தாரும் இப்படித் தரம் பிரிக்கிறார்கள். இளங்கொடிப் பழத்திலும், முதல் தரத்துக்கு எட்டாத பகுதிகளிலும் கிடைக்கும் சிவப்பு ஒயினை, 1966 விளைச்சலிலிருந்து 'லே ஃபோர் த லத்தூர்' என்ற தனிப் பெயரில் விற்கிறார்கள்.

ஒயினைத் தொட்டிவாரியாகச் சுவைத்துப் பார்ப்பார்கள். முதலில் நிறம், பிறகு மணம், அடுத்து புளிப்பும் துவர்ப்பும். துவர்ப்பு பச்சைப் பாக்குப்போல் நாக்கைப் பிடிக்காமல், உமிழ்ந்த பின்னும் சுவை நின்றால் நல்ல ஒயின்.

பருத்தி எடுக்கும்போதே கறைபட்டதையும் புழு தாக்கியதையும் தனிச் சாக்கில் போட வேண்டும். காலை 11 மணிக்குள் எடுத்தால் சருகு அதிகம் ஒட்டாது. கொட்டுக்கும் ஒரு விலை கிடைக்கும். நல்ல பருத்தியின் விலையும் குறையாது.