கிரிவலத்தில் வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் எரிபொருள் எது, தெரியுமா?

அண்ணாமலையைச் சுற்றிவர 14 கிலோமீட்டர். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதை நடந்து முடிக்க ஏறக்குறைய 700 கிலோகலோரி செலவாகும். பௌர்ணமியன்று வேங்கிக்கால் பக்கம் பேருந்தை விட்டு இறங்குகிறவர்களில் எத்தனையோ பேர், வழியில் கிடைக்கும் அன்னதானத்தை நம்பித்தான் நடையைத் தொடங்குகிறார்கள். ஒரு கை எலுமிச்சை சாதம், ஒரு தொன்னை பொங்கல், அப்படியே மலையைச் சுற்றிவிடுகிறார்கள்!

ஆனால் அந்தப் பொங்கலைக் கால் தசையால் நேராகப் பயன்படுத்திக்கொள்ள முடியாது, தெரியுமா? பொங்கல் செரித்துக் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் ஓடி வந்தாலும் அப்படியே எடுத்துச் சுருங்கத் தசைக்குத் தெரியாது. தசை இழை ஏற்றுக்கொள்வது ஒரே ஒரு பொருளைத்தான். அடினோசின் ட்ரைபாஸ்பேட், சுருக்கமாக ஏடிபி. நடக்கிறவரின் கெண்டைக்கால், சாலையோர வேப்பமரம், வேங்கிக்கால் ஏரியில் நீந்தும் கெண்டை மீன், அதன் வயிற்றுக்குள் இருக்கும் பாக்டீரியா, எல்லாவற்றுக்கும் இதே மூலக்கூறுதான். உயிர் என்று எதையெல்லாம் சொல்கிறோமோ அதெல்லாம் ஏடிபியில் ஓடுகிறது!

இன்னொன்றையும் கேளுங்கள். ஒரு நேரத்தில் நம் உடலில் இருக்கும் ஏடிபி மொத்தம் நூறு கிராமுக்கு அக்கம்பக்கம்தான். ஆனால் ஒரு நாளில் நாம் செலவழிக்கும் ஏடிபியோ ஏறக்குறைய நம் உடல் எடை அளவு! எப்படி? செலவான ஒவ்வொரு மூலக்கூறும் உடனே மறுபடி ஏடிபியாக்கப்படுகிறது. ஒரே நாளில் சில நூறு தடவை.

இந்த ஏடிபியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பது தெரியுமா? எல்லப்பிரகட சுப்பாராவ்! 1895-இல் அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, பிறகு மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பை ஏற்று அறுவைக்கூடத்துக்குக் கதர் அங்கி அணிந்துவந்தார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. 1922-இல் கடல் கடந்து பாஸ்டன் போனவர், மருத்துவமனையில் இரவு வேலையாளாக நோயாளிகளின் மலச்சட்டியைக் கழுவிப் பிழைத்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார்.

அங்கே சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து, இரத்தத்திலும் திசுக்களிலும் பாஸ்பரஸை அளக்க ஒரு முறையை 1925-இல் வெளியிட்டார். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்றே அதற்குப் பெயர். அந்த முறை கையில் இருந்ததால்தான் அடுத்தது சாத்தியமாயிற்று. 1927-இல் தசைக்குள் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளைக் கண்டார்கள். 1929-இல் ஏடிபி! ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டில் அதைக் கண்டுபிடித்தார். தசைக்குச் சக்தி தருவது லாக்டிக் அமிலம் என்பதுதான் அதுவரை இருந்த நம்பிக்கை. தசை ஆராய்ச்சிக்காக ஹில், மேயர்ஹாஃப் இருவருக்கும் 1922-க்கான நோபல் பரிசே கொடுக்கப்பட்டிருந்தது. அந்த லாக்டிக் அமிலக் கொள்கை ஒரு சில ஆண்டுகளில் ஆட்டம் கண்டுவிட்டது. சுப்பாராவுக்கோ ஹார்வர்டில் நிரந்தரப் பதவிகூடக் கிடைக்கவில்லை. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது.

சரி, ஏடிபி எங்கே தயாராகிறது? குளுக்கோஸ் முதலில் செல்லின் திரவப் பகுதியில் இரண்டாக உடைகிறது. அதில் கிடைக்கும் லாபம் இரண்டே ஏடிபி. பிறகு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய், ஹான்ஸ் கிரெப்ஸ் 1937-இல் விளக்கிய சுழற்சியில் அதன் கார்பன் எல்லாம் கரியமில வாயுவாகக் கழல்கிறது. உருவி எடுத்த எலக்ட்ரான்கள் ஒரு சவ்வில் வரிசையாகக் கைமாறுகின்றன. கைமாறும்போதெல்லாம் புரோட்டான்கள் சவ்வின் மறுபக்கம் தள்ளப்படுகின்றன. அங்கே சேர்ந்த புரோட்டான்கள் திரும்பி வரத் துடிக்கின்றன. நம் மாவட்டத்துச் சாத்தனூர் அணையில் தேங்கிய தென்பெண்ணைத் தண்ணீர் மதகு வழியாக இறங்கிச் சுழலியைச் சுற்றுவதுபோல, இவையும் ஒரே வழியாக இறங்கி ஓர் இயந்திரத்தைச் சுற்றுகின்றன. நிஜமாகவே சுற்றுகின்றன! அந்த நொதியின் பெயர் ஏடிபி சிந்தேஸ். நொடிக்கு நூறு தடவைக்கு மேல் சுழலக்கூடியது. ஒரு சுற்றுக்கு மூன்று ஏடிபி. ஜப்பானிய விஞ்ஞானிகள் 1997-இல் ஒரே ஒரு மூலக்கூறு சுழல்வதை நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்தார்கள். அதே ஆண்டு, அதன் செயல்முறையை விளக்கிய பாயரும் வாக்கரும் நோபல் பரிசு பெற்றார்கள். குளுக்கோஸ் ஒன்றுக்கு மொத்தம் முப்பது ஏடிபி வரை இப்படிக் கிடைக்கிறது.

அந்தச் சவ்வின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. அதன் இரு பக்கத்துக்கும் இடையே உள்ள மின்னழுத்தம் ஏறக்குறைய 0.15 வோல்ட். அற்பமாகத் தெரிகிறதா? இவ்வளவு மெல்லிய சவ்வில் அது மீட்டருக்கு 3 கோடி வோல்ட் ஆகிறது. காற்றில் மின்பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் போதும்!

நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் கரியமில வாயுவாக மாறுவதில்லை, தெரியுமா? எலக்ட்ரான்கள் கைமாறும் அந்த வரிசையின் கடைசியில் நின்று அவற்றை வாங்கிக்கொண்டு அது தண்ணீராகிறது. அந்தக் கடைசி இடத்தைச் சயனைடு அடைத்துவிடுகிறது, அதனால்தான் அது சில நிமிடங்களில் உயிரைக் குடிக்கிறது. வெளிவிடும் கரியமில வாயுவில் உள்ள கார்பன் நாம் தின்ற சோறும் எண்ணெயும் கொடுத்தது. உடலில் 10 கிலோ கொழுப்பு கரைந்தால் 8.4 கிலோ மூச்சாகவும் 1.6 கிலோ தண்ணீராகவும் வெளியேறுகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2014-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். இளைத்தவர்களின் தொப்பை காற்றில்தான் கலந்திருக்கிறது!

மைட்டோகாண்ட்ரியாவே ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த பாக்டீரியா. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இன்னொரு செல்லுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது. அதற்கென்று 37 மரபணுக்கள் கொண்ட தனி டிஎன்ஏ இன்றும் உண்டு. அது தாயிடமிருந்து மட்டுமே நமக்கு வருகிறது. இதயத் தசைச் செல்லில் மூன்றில் ஒரு பங்கு இடத்தை இதுதான் பிடித்திருக்கிறது. ஊருக்கெல்லாம் ஆக்சிஜன் சுமக்கும் முதிர்ந்த சிவப்பணுவிலோ ஒன்றுகூட இல்லை. அது தான் சுமக்கும் ஆக்சிஜனில் துளியும் தனக்கென்று எடுப்பதில்லை!

மறுபடி சுப்பாராவுக்கு வருவோம். அவர் பிற்காலத்தில் லெடர்லி மருந்து நிறுவனத்தில் நடத்திய ஆராய்ச்சியில்தான் ஃபோலிக் அமிலம் செயற்கையாகத் தயாரானது. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிறார்களே, அதே ஃபோலிக் அமிலம். யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் டிஇசி மாத்திரையும் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்ததுதான். 1948-இல், 53 வயதில் அவர் காலமானார்.

உயிரியல் நடத்தும் ஆசிரியர்களே, கரும்பலகையில் ஏடிபி என்று எழுதும்போது பக்கத்திலேயே சுப்பாராவ், 1929 என்றும் எழுதுங்கள். சென்னையில் படித்தவர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.