அப்டேட் பாதியில் நின்றால்

அப்டேட் ஓடும்போது கரண்ட் போய்விட்டால் கம்ப்யூட்டரே போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் பாதிதான் நியாயம். டவுன்லோடு நடக்கும்வரை இயங்கும் மென்பொருளில் எதுவும் மாறுவதில்லை. அப்போது இணையம் அறுந்தாலும், நாமே ரத்து செய்தாலும், வீணாவது கொஞ்சம் டேட்டாதான். பழைய கோப்புகளின் இடத்தில் புதியவை எழுதப்படும்போதுதான் சிக்கல். அதற்கும் பொறியாளர்கள் வழி செய்திருக்கிறார்கள். 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7, போனில் சிஸ்டத்துக்கு இரண்டு இடங்களை ஒதுக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஒன்று இயங்கும்போதே மற்றொன்றில் புதியது எழுதப்படும். புதியது கிளம்பாவிட்டால் போன் பழையதற்கே திரும்பிவிடும். எல்லா போன்களிலும் இந்த வசதி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உபுண்டு போன்ற லினக்ஸ்களில் ஒவ்வொரு பேக்கேஜும் (மென்பொருள் தொகுப்பும்) எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்ற பதிவு இருக்கும். அதை வைத்து விட்ட இடத்திலிருந்து வேலையை முடிக்கலாம். விண்டோஸ், அப்டேட் தோற்றால் செய்த மாற்றங்களைத் தானே திரும்பப் பெறும்.

ஆகவே, அப்டேட் நின்றதைவிட, நின்ற பிறகு நாம் காட்டும் அவசரமே பெரிய கேடு என்பேன். விண்டோஸ் மாற்றங்களைத் திரும்பப் பெறும் நேரத்தில் பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்துபவர், மீட்பு வேலையையே வெட்டிவிடுகிறார். லினக்ஸில் இரண்டு அப்டேட் ஒரே நேரத்தில் ஓடாமல் தடுக்கும் பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்று சிலர் சொல்லும் யோசனையும் இப்படித்தான்: பின்னணியில் இன்னொரு அப்டேட் ஓடிக்கொண்டிருந்தால், இரண்டும் ஒரே இடத்தில் எழுதிப் பதிவையே குலைத்துவிடும். சரி, மெஷின் உண்மையிலேயே உறைந்துபோனால்? ஹார்டு டிஸ்க் விளக்கு மினுக்கினால் வேலை நடக்கிறது என்று கொள்ளலாம். மணிக்கணக்கில் திரையும் விளக்கும் அசையவே இல்லையென்றால் மட்டும் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கலாம். அதன்பின் வரும் பழுதுபார்ப்பைக் குறுக்கிடக் கூடாது.

பயாஸ் அப்டேட் மட்டும் தனி ரகம். கணினியை எழுப்பும் நிரலே பாதி எழுதப்பட்டு நின்றால், பழுதுபார்க்க எழுவதற்கே ஆளிருக்காது. சில மதர்போர்டுகளில் மாற்றுச் சிப் உண்டு, பலவற்றில் இல்லை. ஆகவே பயாஸ் அப்டேட்டுக்கு யுபிஎஸ் வேண்டும். லேப்டாப் என்றால் நிறைந்த பேட்டரியோடு சார்ஜரும் செருகியிருக்க வேண்டும்.

இவ்வளவு தொல்லைக்கு அப்டேட்டே செய்யாமல் விடலாமே என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை தாக்குதல் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் 2017 மார்ச்சிலேயே வெளியிட்டுவிட்டது. மே மாதம் தாக்குதல் வந்தபோது, அதை நிறுவாத கணினிகள் பிரிட்டன் மருத்துவமனைகளில்கூட முடங்கின. சிகிச்சைக்கு நேரம் வாங்கியிருந்த நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.