அவருக்கு ஜலதோஷம் – என்ன கொடுப்பது?

மார்கழி மாதம். பொழுது இன்னும் புலரவில்லை. ராஜபாளையத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய், ஆண்டாள் சந்நிதியில் திருப்பாவை கேட்டுவிட்டுத் திரும்புகிற குடும்பங்கள் எத்தனையோ! பன்னிரண்டு கிலோமீட்டர் தூரந்தான். ஆனால் மேற்கே மலை. மலையிலிருந்து இறங்கும் குளிர்காற்று. வீடு வந்து சேருமுன் இரண்டு தும்மல் வந்துவிட்டால், "பனி பிடித்துவிட்டது" என்கிறோம். டாக்டர்களைக் கேட்டால், "பனி பாவம், அதன்மேல் பழி போடாதீர்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து தும்மினாரே, அவர் கொடுத்த கிருமி" என்பார்கள். எப்படியோ, ஜலதோஷம் வந்துவிட்டது.

அப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ராஜபாளையத்தில் இருக்கும் அந்த வீடு உங்கள் வீடு என்றே வைத்துக்கொள்ளுங்களேன். தும்முகிறவர் உங்கள் கணவர். வயது ஐம்பத்தைந்து. பத்து வருஷமாகச் சர்க்கரை. கூடவே ரத்தக் கொதிப்பு. போன வருஷம் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டர், "சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்.

இரண்டு தும்மல் கேட்டதுதான் தாமதம், வீட்டுக்குள் வைத்தியர்கள் வந்துவிடுகிறார்கள்.

"மிளகும் அதிமதுரமும் தட்டிப் போட்டுக் கஷாயம் வை தாயி. ஒரே வேளையில் ஓடிப் போகும்" என்கிறார் மாமியார்.

அடுத்த வீட்டு அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு மாத்திரை தருகிறாள். "உடம்பு வலிக்கு இதுதான் கை கண்டது. போன வாரம் நான் போட்டேன்."

கொழுந்தன் மருந்துக் கடைக்கு ஓடி, சிவப்பாக ஒரு பாட்டில் வாங்கி வருகிறான்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த நாத்தனார், கையில் பால்கோவா டப்பாவோடு, "மதினி, அண்ணனைச் செம்பு செம்பா வெந்நீர் குடிக்கச் சொல்லுங்க. சளியெல்லாம் கரைஞ்சிடும்" என்கிறாள்.

நாலு பேருக்கும் அன்பில் குறைவில்லை. நாலு வைத்தியமும் மற்றவர்களுக்குப் பெரும்பாலும் கெடுதல் செய்யாதவைதான். ஆனால் இந்த ஒருவருக்கு நாலிலும் அபாயம் ஒளிந்திருக்கிறது. ஜலதோஷம் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே போய்விடும். அதை விரட்டக் கொடுத்த மருந்தினால் போன சிறுநீரகம் திரும்பி வராது.

இரண்டு சல்லடைகள்

நம் முதுகுப் பக்கம், விலாவுக்குக் கீழே, கைமுஷ்டி அளவில் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். ஒரு நாளில் இவை வடிகட்டுவது சுமார் 180 லிட்டர். அதில் பெரும்பகுதியை உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை, இரண்டு லிட்டரைத்தான் வெளியே அனுப்புகின்றன. அப்படிப்பட்ட சிக்கனம்!

வேண்டாத உப்பு, மிஞ்சிய பொட்டாசியம், விழுங்கிய மருந்தின் கழிவு எல்லாம் இந்த வழியாகத்தான் போக வேண்டும். சல்லடை அடைபட்டுவிட்டால், போக வேண்டியது உடம்பிலேயே தங்குகிறது. மற்றவர்களுக்கு ஒரு மாத்திரையாக இருப்பது, இவருக்கு இரண்டு மாத்திரையாக வேலை செய்யலாம்.

முடிச்சில் வந்த மாத்திரை

அக்கா கொடுத்தது என்ன மாத்திரை? ஐபுப்ரோபென், டைக்ளோபினாக், நிமிசுலைட், மெபினாமிக் ஆசிட் என்று அட்டையில் ஏதாவது இருந்தால், மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இவை வலியைக் குறைக்கிற அதே வேகத்தில், சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயையும் சுருக்கிவிடுகின்றன. நல்ல சிறுநீரகம் இதைத் தாங்கிக்கொள்ளும். நலிந்தது தாங்காது. அதோடு ரத்தக் கொதிப்பு மாத்திரையும், நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவராக இருந்தால், மூன்றும் சேர்ந்து சில நாட்களிலேயே சிறுநீரகத்தைப் படுக்க வைத்துவிடக்கூடும். ஆனால் இருதயத்துக்காக டாக்டர் சிறிய அளவில் ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்திருந்தால், அதை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

"வலி மாத்திரையா இவ்வளவு செய்யும்?" என்று கேட்கிறீர்களா? ஆஸ்திரேலியாவில் நடந்ததைக் கேளுங்கள். 1950-களிலும் 60-களிலும் அங்கே இல்லத்தரசிகளிடையே ஒரு வழக்கம் இருந்தது. வீட்டு வேலையில் அலுப்புத் தட்டினால் ஒரு கோப்பைத் தேநீர். கூடவே ஒரு பொட்டலம் தலைவலிப் பவுடர். ஆஸ்பிரின், பெனாசிட்டின், கபீன் மூன்றும் கலந்தது. நம் ஊரிலும் ஒரு காலத்தில் ஏ.பி.சி. மாத்திரை என்று கொடுப்பார்களே, அதே சரக்குதான். வருஷக் கணக்கில் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டே வந்தது. மெல்போர்னில் இருந்த பிரிசில்லா கின்கெய்ட்-ஸ்மித் என்ற பெண் டாக்டர், குற்றவாளி அந்தப் பொட்டலம்தான் என்று எடுத்துக் காட்டினார். 1970-களின் இறுதியில் அங்கே அதன் தாராள விற்பனைக்குத் தடை வந்தது. அதன் பிறகு அந்த வகைச் சிறுநீரகக் கேடும் குறைந்தது. பெனாசிட்டின் நம் நாட்டிலும் தடை செய்யப்பட்டுவிட்டது. பொட்டலம் போய்விட்டது, முடிச்சில் மாத்திரை வைத்திருக்கும் வழக்கம் மட்டும் போகவில்லை!

கடையில் வந்த பாட்டில்

கொழுந்தன் வாங்கி வந்த மருந்தில் ஒரு சரக்கு இராது. மூன்று, நாலு இருக்கும். காய்ச்சலுக்கு ஒன்று, தும்மலுக்கு ஒன்று, மூக்கடைப்புக்கு ஒன்று. தனியாகப் பாரசிட்டமால் கொடுத்துவிட்டு இதையும் கொடுத்தால், இதற்குள்ளும் பாரசிட்டமால் இருந்து அளவு இரட்டிப்பாகிவிடும்.

மூக்கடைப்புக்குச் சேர்க்கிற சூடோஎபிட்ரின் ரத்தக் கொதிப்பை ஏற்றும். சிறுநீரகத்தின் பெரிய விரோதிகளில் ஒன்று ரத்தக் கொதிப்புத்தானே! இன்னொன்று பினைலெப்ரின். வாயால் சாப்பிடும்போது அது மூக்கடைப்பைத் தீர்ப்பதே இல்லை என்று 2023-ல் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு ஒருமனதாகச் சொல்லிவிட்டது. தும்மலுக்கான செட்ரிசின், சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. ஆகையால் இவருக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். தண்ணீரில் போட்டதும் நுரைத்துக் கரைகிற மாத்திரைகளில் சோடியம் அதிகம். உப்பைக் குறைக்கச் சொன்னவருக்கு, உப்பை மாத்திரையாகக் கொடுத்தது போல் ஆகும்.

இந்தக் கலவை மருந்துகளை அரசாங்கமே அவ்வப்போது சலித்துக்கொண்டிருக்கிறது. 2018-ல் 328 கலவை மருந்துகளுக்கும், 2024-ல் 156-க்கும் மத்திய அரசு தடை விதித்தது. சளி, காய்ச்சல் மருந்துகளும் அவற்றில் உண்டு.

ஒரு துயரத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள், இருமல் மருந்து குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து மாண்டார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, டைஎத்திலின் கிளைகால் என்ற நச்சு நூற்றுக்கு 48.6 பங்கு இருந்தது. 1972-ல் சென்னையிலும் இதே நச்சு கலந்த மருந்தினால் குழந்தைகளைப் பறிகொடுத்திருக்கிறோம். இருமல் மருந்தெல்லாம் விஷம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நல்ல சிறுநீரகத்தோடு பிறந்த குழந்தைகளுக்கே அந்தக் கதி என்றால், நலிந்த சிறுநீரகத்தோடு வாழ்கிறவருக்கு, சீட்டில்லாமல் வாங்கிய பாட்டிலை நீட்டலாமா?

அடுப்படிக் கஷாயம்

"கடை மருந்துதான் வேண்டாம், பச்சிலைக்கு என்ன கெடுதல்?" என்று மாமியார் கேட்பார். நியாயமான கேள்விதான். ராஜபாளையத்தில் சஞ்சீவி மலை இருக்கிறது. அனுமார் தூக்கிப் போன மலையிலிருந்து விழுந்த துண்டு அது என்பார்கள். அந்தப் பக்கம் போனால் சதுரகிரி. மூலிகைக்குப் பேர் போன மலை. அப்படிப்பட்ட சீமையில் பிறந்தவரிடம் மூலிகையைக் குறை சொல்ல முடியுமா?

குறை சொல்ல வேண்டாம். ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: நோயைத் தீர்க்கும் சக்தி மூலிகைக்கு உண்டு என்றால், உடம்பை மாற்றும் சக்தியும் அதற்கு உண்டு. அதிமதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டைக்கு இதமானதுதான். ஆனால் தொடர்ந்து சாப்பிட்டால் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, ரத்தக் கொதிப்பை ஏற்றிவிடும். ஈஸ்வரமூலி, ஆடுதின்னாப்பாளை இரண்டும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்துச் செடிகளில் உள்ள ஓர் அமிலம் சிறுநீரகத்தை அரித்துவிடும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில், உடம்பு இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. ஒரு மூலிகைக்குப் பதிலாக இந்த இனத்து மூலிகை கலந்துவிட்டதுதான் காரணம். மாத்திரை கொடுத்தவர்களுக்கே அது தெரியாது!

ஆகையால் பேர் தெரியாத சூரணம், பற்பம், செந்தூரம் எதுவும் வேண்டாம். சித்த வைத்தியரிடம் போவதானால், முதல் வார்த்தையே "இவருக்குச் சிறுநீரகக் குறை இருக்கிறது" என்பதாக இருக்கட்டும். அவர் கொடுப்பதைச் சிறுநீரக டாக்டருக்கும் தெரியப்படுத்துங்கள்.

செம்பு செம்பாக வெந்நீர்

சளிக்கு நிறைய நீர் குடிப்பது நல்லதுதான், சிறுநீர் தாராளமாகப் பிரிகிறவர்களுக்கு. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கும் கால் வீக்கம் உள்ளவர்களுக்கும் டாக்டர் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்திருப்பார். ரசம், கஷாயம், காப்பி எல்லாமே அந்தக் கணக்கில் சேர்ந்தவை. மீறிக் குடித்தால் அந்த நீர் நுரையீரலில் போய்த் தேங்கி மூச்சு முட்டும்.

காய்ச்சல் விட்ட களைப்புக்கு இளநீரும் சாத்துக்குடியும் கொடுப்பது நம் வழக்கம். இரண்டிலும் பொட்டாசியம் மிகுதி. சல்லடை கெட்டவருக்கு அது ரத்தத்தில் ஏறினால் இருதயத் துடிப்பே தடுமாறும். நாத்தனார் கொண்டு வந்த பால்கோவாவைச் சர்க்கரைக்காரர் கண்ணில் காட்டாமல் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். நாத்தனார் மனமும் நோகாது.

பின் என்னதான் கொடுப்பது?

"எதைத் தொட்டாலும் வேண்டாம் என்றால் மனிதர் தும்மிக்கொண்டே இருக்க வேண்டியதுதானா?" என்று கேட்பீர்கள். இல்லை. தைரியமாகச் செய்யக் கூடியவை இருக்கின்றன.

வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையில் கொப்பளிக்கச் சொல்லுங்கள். கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது.

மூக்கடைப்புக்கு மருந்து கலக்காத உப்பு நீர்ச் சொட்டு மருந்து கடையில் கிடைக்கும். அது போதும்.

ஆவி பிடிக்கலாம். வெறும் வெந்நீரே போதும். பாத்திரத்தைத் தரையில் அசையாமல் வையுங்கள். மடியில் கவிழ்ந்துவிட்டால் ஜலதோஷத்தை விடப் பெரிய உபத்திரவம்.

மாமியார் மனம் நோகாமல் இருக்க, உப்புக் குறைத்து மிளகு ரசம் ஒரு சிறு டம்ளர் கொடுக்கலாம். நாளின் நீர்க் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தக்காளியையும் புளியையும் மட்டாகப் போடுங்கள்.

காய்ச்சலும் உடம்பு வலியும் இருந்தால், வலி மாத்திரைகளுக்குள் சிறுநீரக நோயாளிக்குப் பொதுவாக டாக்டர்கள் சம்மதிப்பது பாரசிட்டமால்தான். அதையும் எத்தனை, எத்தனை மணிக்கு ஒரு தரம் என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விடச் சிறந்தது ஓய்வு. அதற்குப் பக்க விளைவு கிடையாது.

வருமுன் காப்பதும் உண்டு. வருஷத்துக்கு ஒரு தரம் இன்புளுயன்சா தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி இரண்டையும் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் யாராவது தும்மினால் அவர் முகக் கவசம் போட்டுக்கொள்ளட்டும். எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

காத்திருக்கக் கூடாத வேளை

மூச்சு முட்டுகிறதா? சிறுநீர் குறைந்துவிட்டதா? முகமும் காலும் வீங்குகின்றனவா? மூன்று நாளாகியும் காய்ச்சல் விடவில்லையா? அப்போது வீட்டு வைத்தியம் போதும், ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்குக் குளிர் காய்ச்சல் வந்தாலும், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவருக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் ஒரு நாள்கூடத் தாமதம் ஆகாது.

சுவரில் ஒரு சீட்டு

கடைசியாக, இன்றைக்கே செய்யக் கூடிய ஒரு காரியம். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது ஒரு காகிதத்தை எடுத்துப் போங்கள். "இவருக்கு ஜலதோஷம் வந்தால் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?" என்று கேட்டு, இரண்டு வரிசையாக எழுதி வாங்குங்கள். அதைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். ஒரு நகலை அவர் சட்டைப் பையில் போடுங்கள். மருந்துக் கடையில் நீட்டுவதற்கு.

பிறகு பாருங்கள். மாமியார் கஷாயம் என்பார், சீட்டைக் காட்டலாம். அக்கா முடிச்சை அவிழ்ப்பாள், சீட்டைக் காட்டலாம். நீங்கள் யாரையும் மறுத்துப் பேசவில்லை. டாக்டரின் கையெழுத்துத்தான் பேசுகிறது. அன்பாக நீட்டுகிற கையைத் தட்டிவிடுவது நம் வீடுகளில் எவ்வளவு சங்கடம் என்பது உங்களுக்குத் தெரியாததா? அந்தச் சங்கடத்துக்குப் பயந்து விழுங்கிய மாத்திரைகள்தான் எத்தனை!

அடுத்த மார்கழியிலும் அவர் உங்களோடு அந்த முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும். தலையில் மப்ளர் கட்டி அழைத்துப் போங்கள். தும்மினால் தும்மட்டும், பத்து நாளில் போய்விடும்.