கோர்படியில் ரொட்டி மணம்
வந்தவர்கள் சுடுகிறார்கள், வந்தவர்கள் வாங்குகிறார்கள்

மாற்றல் உத்தரவுடன் புனேக்கு வந்து, கோர்படியில் ஜாகை பிடிக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு முதல் வாரத்தில் இரண்டு கவலைகள். ஒன்று தண்ணீர். மற்றொன்று காலைப் பலகாரம். அரிசியும் உளுந்தும் கடையில் கிடைத்துவிடும். ஆனால் ஊரிலிருந்து சாமான் லாரி வந்து, கிரைண்டரை இறக்கி வைக்கும் வரை மாவுக்கு எங்கே போவது? அந்த நாட்களில் கை கொடுப்பது தெருமுனை பேக்கரிதான்.

தமிழ்நாட்டில் ரொட்டி என்றாலே பல வீடுகளில் காய்ச்சல் கண்டவர் நினைவு வரும். பாலில் தோய்த்துக் கொடுப்பார்கள். உடம்பு தேறியதும் ரொட்டியை மறந்து இட்லிக்குத் திரும்பிவிடுவார்கள். மராட்டியத்தில் அப்படி இல்லை. இங்கே ரொட்டி, அன்றாடச் சாப்பாட்டில் ஒரு பகுதி. மிசல், உசல், வடை, பாஜி என்று எதை எடுத்தாலும் பக்கத்தில் பாவ் இருக்கும். ஆகவே புனேயைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர், பேக்கரியில் இருந்து தொடங்குவது நல்லது.

ராணுவமும் ரயிலும்

புனே நகரின் கிழக்கே, கேம்ப் பகுதியை ஒட்டி இருக்கிறது கோர்படி. ஒரு பக்கம் ராணுவக் குடியிருப்புகள். மறு பக்கம் ரயில்வே. மும்பையில் இருந்து புனே வழியாகச் சென்னைக்குப் போகும் பாதையும், மீரஜ் செல்லும் பாதையும் கோர்படியில்தான் பிரிகின்றன. மும்பையையும் சென்னையையும் இணைக்கும் பாதை 1871-ல் பூர்த்தியாயிற்று. அந்தத் தண்டவாளத்தின் வழியாக வந்தவர்களில் தமிழர்களும் உண்டு. ரயில்வே, ராணுவம், கட்கியில் உள்ள வெடிமருந்துத் தொழிற்சாலை என்று வேலை தேடி வந்து, இங்கேயே வேர் பிடித்த குடும்பங்கள் பல. இப்போது மகர்பட்டா, முண்ட்வா பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு வரும் இளைஞர்கள் அவர்களோடு சேர்ந்திருக்கிறார்கள்.

பேக்கரிகள் இந்தப் பக்கம் வேரூன்றியதற்கும் ராணுவமே முக்கியக் காரணம். 1817 நவம்பரில் கட்கியில் நடந்த போரில் பேஷ்வாவின் படை தோற்றது. அதன் பிறகு புனேயில் பிரிட்டிஷ் கன்டோன்மென்ட் எழுந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குத் தினமும் ரொட்டி வேண்டும். அதனால் ரொட்டி சுடும் அடுப்பும் முகாமைத் தொடர்ந்து வந்தது. சிப்பாய்கள் போய்விட்டார்கள். அடுப்பு மட்டும் ஊரோடு தங்கிவிட்டது.

பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

புதிதாக வந்தவருக்கு முதல் திண்டாட்டம் பெயர்கள். 'பாவ்' என்பது போர்த்துகீசியரின் சொல். அவர்கள் மொழியில் ரொட்டிக்கு அதுதான் பெயர். காலால் மிதித்துப் பிசைவதால் 'பாவ்' என்று சிலர் கதை சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். நம்மூர்ப் பாட்டிகள் சொல்லும் 'பிஸ்கோத்து' என்ற சொல்லும் போர்த்துகீசியர் தந்ததுதான்.

தட்டில் ஒன்றோடொன்று ஒட்டி வெந்து வரும் பாவ் வரிசைக்கு 'லாதி' என்று பெயர். வேண்டிய அளவு பிய்த்துத் தருவார்கள். ஆனால் மராட்டியில் 'பாவ்' என்றால் கால் பங்கு என்றும் பொருள் உண்டு. 'பாவ் கிலோ' என்றால் கால் கிலோ. கடைக்காரர் "பாவ் கிலோவா?" என்று கேட்டால், அவர் ரொட்டியைப் பற்றிப் பேசவில்லை, எடையைப் பற்றிக் கேட்கிறார்!

'காரி' என்றதும் மிளகாய்க் காரம் என்று எண்ணி ஒதுங்குவோர் உண்டு. மராட்டியில் அது உப்பைக் குறிக்கும் சொல். மைதாவையும் கொழுப்பையும் மடித்து மடித்துத் தேய்த்துச் சுடும் அடுக்கு பிஸ்கட் அது. அடுப்புச் சூட்டில் மாவில் உள்ள ஈரம் ஆவியாகி, ஒவ்வொரு மடிப்பையும் தூக்கி நிறுத்துகிறது. உதகை வர்க்கியைத் தின்று பழகியவருக்குக் காரி அன்னியமாகத் தோன்றாது. சென்னை டீக்கடைப் பொறையைத் தேடுகிறவர் 'ஜீரா பட்டர்' கேட்டுப் பார்க்கலாம். கிட்டத்தட்ட அந்த ஜாதிதான். நம்மூர் 'பப்ஸ்' இங்கே 'பாட்டீஸ்'. ஆப்தே சாலையில் உள்ள சந்தோஷ் பேக்கரியின் பாட்டீஸுக்குக் கூட்டம் காத்து நிற்பது புனேக்காரர்களுக்குப் பழகிய காட்சி.

கடையில் வயதானவரை 'காக்கா' என்று அழைப்பார்கள். தமிழ்க் குழந்தைகள் களுக்கென்று சிரித்துவிடும். மராட்டியில் அது சித்தப்பா, பெரியப்பா போன்ற மரியாதைச் சொல். கடைக்காரர் "சுட்டே பைசே?" என்று கேட்டால் கோபம் வேண்டாம். சில்லறை இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்.

யார் இந்தக் கடைக்காரர்கள்?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். புனேயின் பேர்பெற்ற பேக்கரிகளை நடத்துகிறவர்கள் யார் என்று விசாரித்தால், ஒன்று புலப்படும். அவர்களில் பெரும்பாலோர், அல்லது அவர்களுடைய முன்னோர், வெளியூரில் இருந்து வந்தவர்கள்.

19-ம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஈரானின் யஸ்த், கெர்மான் பகுதிகளில் இருந்து பிழைப்புத் தேடி மும்பைக்கும் புனேக்கும் பலர் வந்தார்கள். டீக்கடை, ஓட்டல், பேக்கரி என்று அவர்கள் கால் ஊன்றினார்கள். டெக்கான் ஜிம்கானாவில் 1935-ல் தொடங்கிய குட்லக் கபே இன்றும் பன்-மஸ்காவுக்குப் பெயர் பெற்றது. கேம்ப் ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில் 1955-ல் தொடங்கிய கயானி பேக்கரியும் ஈரானியக் குடும்பத்தின் கடைதான். இங்கிலாந்தில் உள்ள ஷ்ரூஸ்பரி என்ற ஊரின் பெயர் கொண்ட பிஸ்கட், ஈரானில் இருந்து வந்தவர் கையால் புனேயின் அடையாளம் ஆகிவிட்டது! ஊருக்குப் போகும் தமிழர் பெட்டியிலும் அதில் ஒரு பாக்கெட் இருக்கும். மதியம் கடையை அடைத்துவிட்டு மூன்றரை மணி வாக்கில் மீண்டும் திறக்கும் வழக்கம் உண்டு. புதியவர்கள் வெயிலில் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவது சகஜம்.

'ஐயங்கார் பேக்கரி' என்ற பலகையைக் கண்டு, நம்மவர் என்ற மகிழ்ச்சியில் தமிழில் பேச்சுக் கொடுப்பவர்கள் உண்டு. பதில் பெரும்பாலும் கன்னடத்தில் வரும். இந்தக் கடைகளின் மூலம் கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டம். அங்கிருந்து பெங்களூர் போய் பேக்கரி வைத்தவர்களின் வழியில் வந்தவையே, இன்று மராட்டிய நகரங்களில் காணும் இந்தக் கடைகள். முட்டை சேராத கேக் தேடும் குடும்பங்கள் இவற்றை நாடுகின்றன. எந்தக் கடையானாலும் கேட்டு வாங்குவதே உத்தமம். பாக்கெட்டில் உள்ள பண்டம் என்றால் பச்சைப் புள்ளியைப் பார்த்தால் போதும்.

ஈரானியருக்கும் கன்னடியருக்கும் அப்பால், பெயர்ப் பலகையில் இடம் பெறாத இன்னொரு கூட்டம் இருக்கிறது. அடுப்படியில் நின்று மாவு பிசைகிறவர்கள். இவர்களில் பலர் உத்தரப் பிரதேசத்து இளைஞர்கள். ஊர் தூங்கும்போது அவர்களுக்கு வேலை. ஊர் விழிக்கும்போது சைக்கிள்களில் பாவ் மூட்டைகள் புறப்படும்.

பூட்டிய கதவுக்குள் ஆறு பேர்

அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைப் புனே ஒரு முறை அதிர்ச்சியோடு அறிந்தது. 2016 டிசம்பர் 30 அதிகாலை, கோண்ட்வா பகுதியில் ஒரு பேக்கரியில் தீப்பிடித்தது. உள்ளே பரண் மீது 6 தொழிலாளர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கதவு வெளியே பூட்டப்பட்டிருந்தது. புகையில் மூச்சுத் திணறி 6 பேரும் இறந்துபோனார்கள். எல்லோரும் உத்தரப் பிரதேசத்தில் இருந்து வந்தவர்கள்.

அறைக்கு வாடகை கொடுக்க முடியாமல், வேலை செய்யும் இடத்திலேயே படுத்து எழுவது அயலூர்த் தொழிலாளி பலரின் விதி. பிழைக்கப் போன தமிழர்களுக்கும் இது தெரியாத வாழ்க்கை அல்ல. மும்பையிலும் புனேயிலும் முதல் தலைமுறைத் தமிழர் பலர் அப்படித்தான் வாழ்ந்தார்கள். காலையில் கையில் வாங்கும் சூடான பாவுக்குப் பின்னால் ஒருவருடைய இரவு இருக்கிறது. அந்த இரவில் அவருக்கு வெளியேற வழி இருக்க வேண்டும் அல்லவா?

கோர்படிக்கு வடக்கே, ரயில் பாதையைத் தாண்டினால் கோரேகாவ் பார்க். அங்கே 1989-ல் தொடங்கப்பட்ட ஜெர்மன் பேக்கரி, ஓஷோ ஆசிரமத்துக்கு வந்த வெளிநாட்டினருக்கும், வெளியூர் மாணவர்களுக்கும் கூடும் இடமாக இருந்தது. 2010 பிப்ரவரி 13 மாலை, அங்கே வெடித்த குண்டு 17 உயிர்களைக் குடித்தது. வேற்றூரில் நாலு பேரோடு உட்கார்ந்து பேச இடம் தேடி வந்த இளைஞர்களும் இறந்தவர்களில் இருந்தார்கள். 2013 மார்ச்சில் கடை மீண்டும் திறக்கப்பட்டது. அச்சத்தை மீறி ஜனங்கள் திரும்பி வந்தார்கள்.

விறகா, வாயுவா?

இப்போது பேக்கரிகளுக்கு வேறு சோதனை. மும்பையில் காற்று மாசு குறித்த வழக்கில், விறகையும் நிலக்கரியையும் எரிக்கும் பேக்கரிகள் 6 மாதங்களுக்குள் எரிவாயு போன்ற தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு மும்பை வட்டாரத்துக்குத்தான். என்றாலும், அங்கே அடித்த காற்று இங்கே வீச எத்தனை நாள் ஆகும்?

விறகு அடுப்பின் சூட்சுமம் எளிது. செங்கல் அறைக்குள் தீ மூட்டி, செங்கல் நன்றாகக் காய்ந்ததும் கங்குகளை ஒதுக்குவார்கள். சூடு உச்சத்தில் இருக்கும்போது பாவ். சூடு கொஞ்சம் தணிந்ததும் பிஸ்கட், நான்கட்டாய். கடைசியில், ஏற்கெனவே வெந்த ரொட்டித் துண்டுகளை உலர்த்தி டோஸ்ட். ஒரு மூட்டத்தில் மூன்று வேலை! வாயு அடுப்புக்கு மாற முதல் போட வேண்டும். சிறிய கடைக்கு அது பெரிய தொகை. பாவ் விலை ஏறினால், வடா பாவ் தின்று பசி ஆறும் கூலிக்காரரைத்தான் அது முதலில் தொடும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். விறகுப் புகையை முதலில் சுவாசிப்பவர் அடுப்பின் முன் நிற்கும் தொழிலாளிதான். பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரர். புகை குறைந்தால் அவருக்குத்தான் முதல் லாபம். ஆகவே மாறுவது நல்லதே. ஆனால் மாறுவதற்குக் கடனும் அவகாசமும் தராமல் உத்தரவு மட்டும் போட்டால், தெருமுனைக் கடை மூடும். தொழிற்சாலை ரொட்டி அந்த இடத்தைப் பிடிக்கும். தொழிற்சாலை ரொட்டியும் வயிற்றை நிரப்பும். ஆனால் மாதக் கடைசியில் கணக்கில் எழுதிக்கொண்டு பாவ் தராது.

நான்கட்டாய் சுட்டுத் தருவார்கள்

தெருமுனைக் கடையால் மட்டுமே முடியும் இன்னொரு காரியமும் உண்டு. மராட்டிய வீடுகளில் ஒரு பழைய வழக்கம். தீபாவளி சமயத்தில் மைதா, சர்க்கரை, நெய் எல்லாவற்றையும் பேக்கரிக்கே எடுத்துப் போவார்கள். பேக்கரிக்காரர் கூலி வாங்கிக்கொண்டு நான்கட்டாய் சுட்டுக் கொடுப்பார். வீட்டுக்கார அம்மாள் பக்கத்தில் நின்று, தன் டப்பாவில் தானே எடுத்து அடுக்கிக்கொள்வார். நம்மூரில் முறுக்குக்கு அரிசியை மெஷினில் கொடுத்து அரைத்து வருவது போலத்தான். எல்லாக் கடைகளிலும் இப்போது இது இல்லை. இன்னும் செய்கிற கடை அருகில் இருந்தால், தமிழ்க் குடும்பங்களும் ஒரு தீபாவளிக்கு முயன்று பார்க்கலாம். அதிரசத்தோடு நான்கட்டாயும் தட்டில் இருக்கட்டுமே!

புதியவர்களுக்குச் சில யோசனைகள்: பாவ் வாங்கக் காலையில் சீக்கிரம் போவது நல்லது. பல கடைகளில் மாலையிலும் ஒரு முறை சூடாகக் கிடைக்கும். அன்று சுட்டதா என்று அறிய "தாஜா ஆஹே கா?" என்று கேட்டால் போதும். காரி சுவையானதுதான், ஆனால் கொழுப்பு மிகுந்தது. எண்ணெய், வனஸ்பதி போன்றவற்றில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 2022 முதல் விதி இருக்கிறது. ஆனாலும் அளவோடு தின்பதே நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே கடைக்குத் தொடர்ந்து போவது முக்கியம். நாலாம் நாள் கடைக்காரர் முகம் பார்த்துச் சிரிப்பார். பத்தாம் நாள் கேட்காமலே லாதியைப் பிய்த்து நீட்டுவார். வீட்டு வேலைக்கு ஆள், நல்ல டாக்டர், காலி வீடு, எல்லா விவரமும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. அடுப்படியில் இருந்து எட்டிப் பார்க்கும் பையனிடம் அவன் ஊர் எது என்று கேட்டால் மகிழ்ந்துபோவான். அவனிடம் அதைக் கேட்பவர்கள் குறைவு. ஈரானியரும், கன்னடியரும், உத்தரப் பிரதேசத்தவரும் இந்த ஊரில் இடம் பிடித்தது ரொட்டி சுட்டுத்தான். கோர்படித் தமிழருக்கு அதைவிடச் சுலபம். ரொட்டி வாங்கினாலே போதும்.